கார் பேட்டரியை வீட்டிலேயே பத்திரமாக சார்ஜ் செய்வது எப்படி?

சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வருகிறது, ஹெட்லைட் மங்கி எரிகிறது என்றால் பெரும்பாலும் பேட்டரி இறங்கிவிட்டது. இன்னொரு காரிலிருந்து ஒயர் போட்டு இன்ஜினைக் கிளப்பி அரை மணி நேரம் ஓட்டினால் ஏறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முழுதாக ஏறாது. செல்ஃப் எடுக்கும்போது செலவான கொஞ்சத்தை ஈடுகட்டுவதும், ஓடும்போது காருக்கு வேண்டிய மின்சாரத்தைக் கொடுப்பதும்தான், இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் வேலை. அடிமட்டத்துக்கு இறங்கிய பேட்டரிக்குக் குறைந்த ஆம்பியரில் பல மணி நேர சார்ஜ் வேண்டும்.

இதை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் பேட்டரிக்குள் கந்தக அமிலம் இருக்கிறது. சார்ஜ் ஆகும்போது தீப்பற்றும் வாயு வெளியேறுகிறது. எதை முதலில் மாட்டுவது, எதை முதலில் கழற்றுவது என்ற வரிசை தவறினால் விபத்து நடக்கலாம். அதனால் எந்தப் படியையும் தாண்டிப் போகாதீர்கள்.

இங்கே சொல்வது பெட்ரோல், டீசல் கார்களில் இருக்கும் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிக்கு. மின்சாரக் காரின் பெரிய பேட்டரிக்கு இது பொருந்தாது. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறத்தில் ஓடும் கேபிள்கள் உயர் அழுத்தம் உள்ளவை. அவற்றின் பக்கம் கையே போகக் கூடாது.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டிய தாள்கள்

காரோடு வந்த கையேடு, பேட்டரியின் வாரண்டி அட்டை, வாங்கிய பில், இந்த மூன்றும் வேண்டும். வாரண்டிக் காலம் முடியாத பேட்டரி என்றால் சார்ஜ் செய்வதற்கு முன்பே விற்றவரிடம் பேசுங்கள். நீங்களே மூடியைத் திறந்து ஏதாவது ஊற்றிவிட்டால் பிறகு வாரண்டி கேட்பது கடினம்.

கையேட்டில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். பேட்டரி எங்கே இருக்கிறது, சார்ஜர் கிளிப் மாட்டத் தனி முனை கொடுத்திருக்கிறார்களா, பேட்டரி இணைப்பைக் கழற்றினால் எதையெல்லாம் மறுபடி அமைக்க வேண்டும். சில கார்களில் ரேடியோ திரும்ப வேலை செய்ய ரகசிய எண் கேட்கும். அந்த எண் கையில் இல்லாமல் இணைப்பைக் கழற்றாதீர்கள்.

அடுத்து பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிள். அதில் ஆம்பியர்-மணி (Ah, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) எவ்வளவு என்று பாருங்கள். சிறிய கார்களில் 35, 45 என்றும் பெரிய டீசல் கார்களில் 70, 80 என்றும் இருக்கும். சார்ஜரின் அளவும் சார்ஜ் ஆகும் நேரமும் இந்த எண்ணை வைத்துத்தான். வகையையும் குறித்துக்கொள்ளுங்கள். மேலே ஆறு மூடிகள் இருந்தால் சாதாரண ஆசிட் பேட்டரி. திறக்கவே முடியாதபடி மூடியிருந்தால் மெயின்டனன்ஸ் ஃப்ரீ. லேபிளில் ஏஜிஎம் (AGM, ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊற வைத்த வகை), ஜெல், லித்தியம் என்று எதுவும் எழுதியிருந்தால் அதற்கென்று ஒரு மோடு உள்ள சார்ஜர்தான் வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு ஈய-அமில சார்ஜரைப் போடவே கூடாது.

2. மீட்டர் என்ன சொல்கிறது?

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். கார் சில மணி நேரமாவது ஓடாமல் நின்றிருக்க வேண்டும். மீட்டரை டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையை பிளஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் தொடுங்கள்.

12.6 அல்லது அதற்கு மேல்: பேட்டரி நிறைந்திருக்கிறது. வண்டி கிளம்பாததற்கு வேறு காரணம் தேட வேண்டும்.
12.4: முக்கால்வாசி.
12.2: பாதி.
12.0: கால்வாசி.
11.9-க்குக் கீழே: கிட்டத்தட்டக் காலி.

ஏஜிஎம் பேட்டரி நிறைந்திருக்கும்போது 12.8-க்கு மேலேயே காட்டும்.

10.5 வோல்ட் அளவில் நின்றால் சந்தேகப்படுங்கள். 12 வோல்ட் பேட்டரி என்பது சுமார் 2.1 வோல்ட் தரும் ஆறு செல்கள் வரிசையாகச் சேர்ந்தது. ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் ஐந்தின் கூட்டுத்தொகைதான் வெளியே தெரியும். அந்த பேட்டரியை எத்தனை மணி நேரம் சார்ஜில் போட்டாலும் பலன் இல்லை. மீதி ஐந்து செல்களும் அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிச் சூடேறும்.

பாதிக்குக் கீழே இறங்கிய பேட்டரியை "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளின் மேல் படியும் ஈய சல்பேட் நாளாக நாளாகக் கெட்டிப்படும். கெட்டிப்பட்ட பிறகு சார்ஜ் ஏறினாலும் பழைய கொள்ளளவு திரும்ப வராது. முடிந்தால் அன்றைக்கே சார்ஜில் போடுங்கள்.

3. சார்ஜே போடக் கூடாத பேட்டரிகள்

பக்கவாட்டில் உப்பியிருப்பது, பெட்டியில் விரிசல் விட்டிருப்பது, அடியில் ஆசிட் கசிந்திருப்பது, டெர்மினல் தூண் ஆடுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் சார்ஜரை எடுக்க வேண்டாம். கடும் குளிரில் உறைந்துபோன பேட்டரியும் இந்தக் கணக்கில்தான் வரும். நிறைந்த பேட்டரி எளிதில் உறையாது. இறங்கிய பேட்டரியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர் என்பதால் உறைபனிக் குளிரில் அது கெட்டியாகிவிடும். தானாக உருகும்வரை வெதுவெதுப்பான அறையில் வைத்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

4. எத்தனை ஆம்பியர் சார்ஜர்?

கணக்கு எளிது. ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு. 45 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 4 முதல் 5 ஆம்பியர், 70-க்கு 7 ஆம்பியர். குறைந்தால் கெடுதல் இல்லை, நேரம்தான் கூடும். இந்த அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகாதீர்கள். வேகமாக ஏற்றினால் உள்ளே சூடேறி ஈயத் தகடுகள் வளையும். பூசியிருக்கும் பசை உதிரும்.

வாங்குவதாக இருந்தால் தானாகக் கட்டம் மாறும் ஸ்மார்ட் சார்ஜரையே வாங்குங்கள். அது முதலில் நிலையான ஆம்பியரில் ஏற்றும். 14.4 வோல்ட் அளவைத் தொட்டதும் வோல்ட்டை அங்கேயே நிறுத்தி ஆம்பியரைக் குறைத்துக்கொண்டே வரும். நிறைந்ததும் 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கிக் காத்திருக்கும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர்களில் பல, நீங்கள் நிறுத்தும்வரை ஏற்றிக்கொண்டே இருக்கும். பேட்டரி நிறைந்த பிறகும் வோல்ட் 15-ஐத் தாண்டும், தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழிட்டு வற்றும். ஏஜிஎம், ஜெல் பேட்டரிகளில் வற்றிய தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியே இல்லை. அதனால் அவற்றை இந்த வகை சார்ஜரில் மாட்டவே கூடாது.

லேப்டாப் அடாப்டர், எல்இடி விளக்கின் பவர் சப்ளை போன்றவற்றை ஒயர் வெட்டிப் பயன்படுத்துவது ஆபத்து. அவற்றில் பேட்டரிக்கு ஏற்ற கட்டுப்பாடு இல்லை. துருவம் மாறினால் தாங்கும் பாதுகாப்பும் பெரும்பாலும் இருக்காது.

சார்ஜரில் 6, 12, 24 என்று சுவிட்ச் இருந்தால் 12-இல் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.

செலவு? 45 ஆம்பியர்-மணி பேட்டரியை முழுக் காலியிலிருந்து நிறைக்க, இழப்பையும் சேர்த்து ஒரு யூனிட் மின்சாரம்கூட ஆகாது. பணம் போவது சார்ஜருக்கும் மீட்டருக்கும்தான், அதுவும் ஒரே ஒரு முறை.

5. இடம்

காற்றோட்டம்தான் முதல் தேவை. சார்ஜ் ஆகும்போது, அதிலும் கடைசிக் கட்டத்தில், தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது பற்றிக்கொள்ளும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. காற்றைவிட இலேசானது என்பதால் பானட்டுக்கு அடியிலும் அறையின் கூரைப் பக்கத்திலும் போய்ச் சேரும். அதனால் படுக்கையறை, குளியலறை, கேஸ் அடுப்பும் பூஜை விளக்கும் எரியும் இடம் எதுவும் வேண்டாம். திறந்த கார் நிறுத்துமிடம் அல்லது கதவு முழுக்கத் திறந்த ஷெட் சரியாக இருக்கும். மழையும் நேரடி வெயிலும் படக் கூடாது. பீடி, சிகரெட் அந்தப் பக்கமே வரக் கூடாது.

எக்ஸ்டென்ஷன் ஒயர் போட வேண்டியிருந்தால் எர்த் உள்ள மூன்று முனை ஒயராக இருக்கட்டும். சுருளை முழுக்கப் பிரித்து விடுங்கள். சார்ஜரைப் பேட்டரியின் தலைமேல் வைக்காமல், ஒயர் எட்டும்வரை தள்ளி வையுங்கள். மேலே வரும் ஆசிட் ஆவி சார்ஜரை அரிக்கும். சார்ஜருக்குள் வரும் சிறு பொறியும் வாயுவும் சந்திக்கவும் கூடாது.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, பழைய உடை போட்டுக்கொள்ளுங்கள். பட்டு, புதுச் சட்டை எல்லாம் ஒரு துளி ஆசிட்டில் ஓட்டையாகிவிடும். மோதிரம், வளையல், உலோகப் பட்டை போட்ட கடிகாரம், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பிளஸுக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் ஒரு நொடியில் பழுத்துவிடும். ஒரு வாளி சுத்தமான தண்ணீரும் ஒரு டப்பா சமையல் சோடாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

6. காரிலேயே வைத்து ஏற்றலாமா, கழற்ற வேண்டுமா?

ஸ்மார்ட் சார்ஜர் என்றால் பெரும்பாலான கார்களில் கழற்றாமலேயே ஏற்றலாம். கையேடு வேறு மாதிரி சொன்னால் அதைத்தான் கேட்க வேண்டும். சாவியை வெளியே எடுத்து, விளக்கு, ஏசி, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடுங்கள். ஸ்மார்ட் கீ இருந்தால் காரிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். பக்கத்தில் இருந்தால் காரின் மின்னணுப் பகுதிகள் அடிக்கடி விழித்துக்கொண்டு, ஏறுவதில் கொஞ்சத்தைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

பழைய வகை சார்ஜர் என்றாலும், காருக்குப் பக்கத்தில் பிளக் வசதி இல்லை என்றாலும், மூடியைத் திறந்து தண்ணீர் பார்க்க வேண்டும் என்றாலும் கழற்றி விடுவது நல்லது. கழற்றும்போது மைனஸ் முதலில், பிளஸ் பிறகு. திரும்ப மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். காரணம் இதுதான்: காரின் பாடி முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. மைனஸைக் கழற்றாமல் பிளஸ் நட்டைத் திருகும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் நேரடி ஷார்ட். மைனஸ் கழன்ற பிறகு ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பேனர் சரியாகப் பொருந்தும். நட்டைத் தளர்த்திய பிறகும் கிளாம்ப் வராவிட்டால் இடமும் வலமுமாக மெல்ல ஆட்டி எடுங்கள். ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்து நெம்பினால் தூண் உடைந்து பேட்டரியே வீணாகும்.

பேட்டரி பின்பக்க டிக்கியில் இருக்கிறதா? அப்படியானால் இரண்டு கவனம். சில டிக்கிகள் மின்சாரப் பூட்டில்தான் திறக்கும். இணைப்பு இல்லாத நேரத்தில் டிக்கியை மூடிவிட்டால் திறக்க வழி இருக்காது. அடுத்தது, பேட்டரியிலிருந்து ஒரு சிறு ரப்பர் குழாய் காருக்கு வெளியே போகும். வாயு வெளியேற அதுதான் வழி. திரும்ப வைக்கும்போது அதை மாட்ட மறந்துவிடாதீர்கள்.

பேட்டரியின் எடை பத்துப் பன்னிரண்டு கிலோவிலிருந்து இருபது கிலோவரை இருக்கும். நிமிர்த்தியபடியே தூக்குங்கள், சாய்க்காதீர்கள்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதைச் சுத்தம் செய்யாமல் கிளிப் மாட்டுவதில் பயன் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரை அடங்கியதும் ஈரத்துணியால் துடைத்து உலர விடுங்கள். மூடிகள் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். சோடாக் கரைசல் உள்ளே இறங்கினால் ஆசிட்டைச் செயலிழக்கச் செய்துவிடும்.

7. தண்ணீர் ஊற்றும் நேரம்

மூடி உள்ள பேட்டரிக்கு மட்டும் இந்தப் படி. அதிகம் பேர் தவறுவது இங்கேதான். சார்ஜ் போடுவதற்கு முன் மேல் கோடுவரை நிரப்பிவிடுகிறார்கள். சார்ஜ் ஏறும்போது திரவம் விரிந்து மட்டம் உயரும், ஆசிட் வெளியே வழியும். அதனால் முன்னதாகத் தகடுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். ஏற்கெனவே மூழ்கியிருந்தால் எதுவும் ஊற்ற வேண்டாம். சார்ஜ் முடிந்து ஆறிய பிறகு மேல் கோடுவரை நிரப்புங்கள்.

ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. குழாய் நீர், சுத்திகரிப்பானில் பிடித்த நீர் இரண்டிலும் உப்புகள் இருக்கும். புதிதாக ஆசிட் ஊற்றவே கூடாது. பேட்டரியிலிருந்து வற்றுவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. மேலும் ஆசிட் சேர்த்தால் செறிவு கூடித் தகடுகளை அரிக்கும்.

உள்ளே எட்டிப் பார்க்கத் தீக்குச்சியோ லைட்டரோ கொளுத்தாதீர்கள். டார்ச் போதும்.

8. கிளிப் மாட்டும் வரிசை

சார்ஜர் பிளக் சுவரில் இருக்கக் கூடாது. இது உறுதியான பிறகு தொடங்குங்கள்.

முதலில் துருவத்தை அடையாளம் காணுங்கள். ஒயரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். யாராவது மாற்றி மாட்டியிருக்கலாம். பெட்டியிலேயே கூட்டல், கழித்தல் குறி அச்சாகியிருக்கும். பிளஸ் தூண் மைனஸைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கும்.

சிவப்புக் கிளிப்பை பிளஸ் தூணில் மாட்டுங்கள். பேட்டரி காரிலேயே இருந்தால் கறுப்புக் கிளிப்பை மைனஸ் தூணில் மாட்டாமல், பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத கெட்டியான உலோகத்தில் மாட்டுங்கள். இன்ஜின் பிளாக்கின் போல்ட்டோ கையேடு காட்டும் எர்த் முனையோ சரி. பெட்ரோல் குழாய், மெல்லிய தகடு, சுழலும் பெல்ட் இவற்றின் பக்கம் வேண்டாம். இணைப்பு முழுமையாகும் அந்தக் கடைசித் தொடுதலில் பொறி வரலாம். அந்தப் பொறி வாயு வெளிவரும் இடத்திலிருந்து தள்ளி நடக்கட்டும் என்பதற்காகத்தான் இது. தானாக இன்ஜினை நிறுத்திக் கிளப்பும் வசதியுள்ள கார்களில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மைனஸ் தூணில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். நேரே தூணில் மாட்டினால், எவ்வளவு ஏறியது என்று அதற்குத் தெரியாமல் போய்விடும்.

கழற்றி வைத்த பேட்டரி என்றால் கறுப்பு நேராக மைனஸ் தூணுக்கு.

கிளிப்புகளை ஒருமுறை அசைத்து, பல் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜரில் பேட்டரி வகையையும் ஆம்பியரையும் அமைத்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு பிளக்கைச் செருகி சுவிட்ச் போடுங்கள்.

ஸ்மார்ட் சார்ஜர் பிழை காட்டிப் பேட்டரியை ஏற்க மறுக்கலாம். வோல்ட் மிகவும் கீழே போனால் அதற்குப் பேட்டரி இருப்பதே தெரியாது. சில சார்ஜர்களில் இதற்கென்று மீட்பு மோடு உண்டு. இல்லாவிட்டால் பேட்டரிப் பட்டறையில் கொடுத்துச் சோதிப்பதே பாதுகாப்பு.

9. எவ்வளவு நேரம்?

ஏற வேண்டிய ஆம்பியர்-மணியோடு ஐந்தில் ஒரு பங்கு இழப்பைக் கூட்டி, சார்ஜரின் ஆம்பியரால் வகுங்கள். 45 ஆம்பியர்-மணி பேட்டரி பாதி காலி என்றால் 22 வேண்டும். இழப்போடு சுமார் 27. 4 ஆம்பியர் சார்ஜரில் ஏறக்குறைய ஏழு மணி நேரம். கடைசிப் பகுதியில் ஆம்பியர் தானாகக் குறைவதால் எட்டு முதல் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக் காலி என்றால் ஒரு முழு நாள்கூட ஆகலாம்.

இரவில் போட்டுவிட்டுத் தூங்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. காலையில் தொடங்குங்கள். விழித்திருக்கும் நேரத்தில் நடக்கட்டும், மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பெட்டியின் பக்கவாட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு, அதாவது 50 டிகிரிக்கு மேல், வந்தால் நிறுத்த வேண்டும். மெல்லிய குமிழ்ச் சத்தம் இயல்பு. பலமாகக் கொதிப்பது இயல்பல்ல.

அழுகிய முட்டை வாசனை வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, நச்சு வாயு. கிளிப்பைத் தொடாதீர்கள். சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்து, எல்லோரையும் வெளியேற்றி, காற்றோட்டம் விட்டு, பேட்டரி நன்றாக ஆறிய பிறகே பக்கத்தில் போங்கள். அந்த பேட்டரியை மறுபடி சார்ஜில் போட வேண்டாம்.

தானாக நிற்காத பழைய சார்ஜர் என்றால் வோல்ட் 14.4-ஐத் தொட்டதிலிருந்து நீங்கள் பக்கத்தை விட்டு நகராமல் கவனிக்க வேண்டும். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இருந்தால் வேலை எளிது. ஆறு செல்களிலும் அடர்த்தி 1.265 முதல் 1.280 வரை வந்து, ஒரு மணி நேர இடைவெளியில் எடுத்த மூன்று அளவுகளும் மாறாமல் இருந்தால் நிறைந்துவிட்டது. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் குறைந்து நின்றால் அந்தச் செல் போய்விட்டது.

10. நிறுத்துவதும் கழற்றுவதும்

சுவர் சுவிட்சை அணைத்துப் பிளக்கை உருவுங்கள். பிறகுதான் கிளிப். கறுப்பு முதலில், சிவப்பு பிறகு. மின்சாரம் ஓடும்போதே கிளிப்பைப் பிடுங்குவதுதான் இந்த வேலையிலேயே மிக ஆபத்தான தவறு. அந்த நேரத்தில் வாயு அதிகமாக இருக்கும், பொறியும் கட்டாயம் வரும், முகம் நேரே மேலே இருக்கும். கால் மணி நேரம் விட்டுக் கழற்றினால் இன்னும் நல்லது.

ஆசிட் கண்ணில் பட்டால் தேய்க்காமல், இமையைத் திறந்து பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். தோலில் பட்டால் நிறையத் தண்ணீர். சோடா தரைக்கும் துணிக்கும் மட்டுமே, கண்ணுக்கு அல்ல.

11. மறுநாள் சோதனை

சார்ஜ் முடிந்த உடனே மீட்டர் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அது மேலோட்டமான சார்ஜ், அதை நம்பிக் கணக்கிடாதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் சும்மா வைத்துவிட்டுப் பாருங்கள். 12.6 இருந்தால் நல்லது. 12.4-க்குக் கீழே வந்துவிட்டால் பேட்டரி தாங்கவில்லை.

12.6 காட்டிவிட்டு செல்ஃப் எடுக்கும்போது சரிகிற பேட்டரிகளும் உண்டு. மீட்டரை மாட்டி வைத்து, வேறொருவரை செல்ஃப் எடுக்கச் சொல்லுங்கள். அந்த நொடியில் 9.6-க்குக் கீழே விழுந்தால் புது பேட்டரிக்குத் தயாராக வேண்டியதுதான். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் 13.8 முதல் 14.7 வரை காட்ட வேண்டும். 13-ஐயே தாண்டவில்லை என்றால் கோளாறு ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ ஒயரிலோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை முறை சார்ஜ் போட்டாலும் மறுபடி இறங்கும். சில புதிய கார்கள் எரிபொருள் மிச்சத்துக்காக ஆல்டர்னேட்டரைத் தாமே தாழ்த்தி ஓட்டும். ஹெட்லைட்டைப் போட்டு மறுபடி அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் சில நாளில் இறங்கினால், கார் நிற்கும்போதே ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்சுகிறது. பூட்டிய கார் 50 மில்லி ஆம்பியர் எடுத்தாலே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஏறக்குறைய 19 நாளில் பாதிக்கு வந்துவிடும். இதற்கு மேல் எடுத்தால் கேமரா, கூடுதல் விளக்கு, டிக்கி விளக்கு என்று பிறகு சேர்த்தவற்றிலிருந்து தேடத் தொடங்குங்கள். மாதக் கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால், முழுதாக ஏற்றி மைனஸைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை மீட்டரால் பார்த்து, 12.4-க்கு வந்ததும் மறுபடி சார்ஜில் போடுங்கள்.